இருபதடி வயல்

2007 ஆகஸ்டு 9, வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்கு அச்சகத்தைத் திறந்தேன். இரவெல்லாம் அடைபட்டிருந்த மை வாடை போக ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டேன். பிறகு ஜன்னல்களைச் சாத்தி ஏ.சி.யைப் போட்டேன். ஃபிளக்ஸ் இயந்திரத்துக்குச் சூடு ஆகாது. அறை குளிர்ந்ததும் அச்சுத் தலையைத் துடைத்து, நான்கு நிறத்திலும் கோடு அடித்துப் பார்த்தேன். நீலத்தில் ஒரு கோடு விட்டுப்போயிருந்தது. மறுபடி துடைத்ததும் முழுதாக வந்தது. டைரியில் எழுதினேன்: "நீலம் அடைப்பு, சரியாயிற்று. குடவாசல் விதைக்கடை, இன்றே முடிய வேண்டும்." அந்த வரிக்குக் கீழே ஒரு கோடும் இழுத்திருக்கிறேன். வழக்கமாக நான் எதற்கும் கோடிடுவதில்லை.

கும்பகோணத்திலிருந்து தாராசுரம் போகும் சாலையில் இருந்தது எங்கள் அச்சகம். வடிவமைப்பு என் பொறுப்பு. இயந்திரத்தை ஓட்டியவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். என்னை அக்கா என்பார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சி மாநாடு என்று அந்த வருடங்களில் வேலை குவிந்தது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் எவ்வளவு தூரம் பெரிதாக்கலாம் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். சொன்ன அளவு தப்பியதில்லை.

குடவாசல் கடைக்காரர் பதினான்கு வருடம் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து, அந்த மே மாதம்தான் முடித்துக்கொண்டு வந்தவர். எல்லோரையும் போல நானும் அவரை பாய் என்றே கூப்பிட்டேன். அவருடைய வாப்பாவும் மாமன்மாரும் துணி, பாத்திரம் என்று வியாபாரம் பார்த்தவர்கள். வயலில் இறங்கியவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை. விதை, உரக்கடை வைக்கப்போகிறார் என்று தெரிந்ததுமே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது: ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தவருக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்?

அந்தப் பேச்சை அவர் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார். விற்கப்போகிற சம்பா ரகத்தை முந்தைய பருவத்திலேயே மூன்று மா குத்தகை நிலத்தில், அதாவது ஒரு ஏக்கரில், போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவர் அங்கே இருந்தார். இங்கே வரப்பில் நின்று சாகுபடியைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. பயிர் நன்றாக விளைந்தது. ஆனால் அறுத்தாயிற்று, நெல்லும் விற்றாயிற்று. காட்டுவதற்கு மிச்சமிருந்தவை, அவர் அனுப்பிய சின்ன டிஜிட்டல் கேமராவில் தை மாதம் மனைவி எடுத்த படங்கள் மட்டுமே. சம்பா விதை வாங்குகிற நாட்கள் கொஞ்சம்தான். அதற்குள் விவசாயிகள் நம்பி வாங்காவிட்டால், கடைக்குள் அடுக்கியிருந்த மூட்டைகள் அடுத்த வருடத்துக்கு விதையாக உதவாது. போட்டதெல்லாம் போய்விடும். இதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. "படம் பேசணும் தங்கச்சி. நான் பேசினா எவனும் கேக்க மாட்டான்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை திறப்பு. கடை முகப்புக்கு இருபதடிக்கு எட்டடி பேனர்.

அவர் கொடுத்த வயல் படத்தின் அகலம் ஆயிரத்து அறுநூறு புள்ளிகள். இருபதடிக்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நெல்மணியின் அகலத்தைவிடப் பெரிதாகிவிடும். பெரிதாக்குவது என்றால் படத்துக்குள் ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவருவது என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தச் சக்தி கிடையாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நிறம் இருந்திருக்கும் என்று யூகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான். ஒரேயடியாக இழுத்தால் யூகம் பட்டவர்த்தனமாகத் தெரியும். நான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஓரங்களை லேசாகக் கூர்மையாக்கி, கடைசியில் மெல்லிய மணல் தூவினாற்போல ஒரு பொடியைப் படம் முழுவதும் பரப்புவேன். கட்டம் கட்டமாகத் தெரியாது. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறவருக்குத் தெளிவான படமாக இருக்கும்.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் வயலிலேயே இருந்தது. படத்தின் வலது பக்கம், நடுவுக்குச் சற்று மேலே, பயிர் அடைக்காமல் ஒரு சொட்டை. முந்தின நாள் பாய் தனியாக வந்திருந்தபோது திரையில் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இதை அடைச்சுடு தங்கச்சி."

"இருக்கட்டுமே பாய். வயல்னா அப்படித்தான இருக்கும்."

"கல்யாணப் பொண்ணு மொகத்துல பருவை வச்சுக்கிட்டா பேனர் அடிக்கிற? அடைச்சுடு. அப்படியே பச்சையையும் கொஞ்சம் ஏத்து."

கல்யாணப் பெண்களின் பருக்களை நான் நூற்றுக்கணக்கில் அழித்திருக்கிறேன் என்பதால் அவரை மறுத்துப் பேச முடியவில்லை. பக்கத்தில் குத்துக் குத்தாக நின்ற பயிரை நகலெடுத்து அந்த இடத்தில் ஒட்டி அடைத்தேன். பச்சையையும் ஏற்றினேன். திரையில் பார்க்க அழகாகவே இருந்தது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. என் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். நானும் பள்ளி விடுமுறையில் நாற்று நட்டிருக்கிறேன். ஒரு வயலைப் பார்த்தால் விவசாயியின் கண் முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

பெரிய வேலை எதுவானாலும் முழுதாக அடிப்பதற்கு முன் ஒரு துண்டு அடித்து வெளியே கட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று காலையும் அடைத்த பகுதியிலிருந்து நாலடிக்கு மூன்றடித் துண்டு ஒன்றை அடித்து, ஆபரேட்டர் தம்பியிடம் கொடுத்து மதில் சுவரில் கட்டச் சொன்னேன். எதிரே டீக்கடை, அதை ஒட்டி பஸ் நிறுத்தம்.

பத்து மணிக்கு பாய் ஒரு வாடகை வேனில் வந்து இறங்கினார். திறப்பு விழாவுக்கு இனிப்பும் தட்டுச் சாமான்களும் வாங்க மனைவியும் வந்திருந்தார். அந்த அக்காவை நான் அன்றுதான் பார்த்தேன். உள்ளே வந்ததும் இயந்திரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, "இம்மாம் பெரிசா?" என்றார். இருவரையும் கூட்டிக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போனேன். துண்டை அங்கிருந்து பார்ப்பதுதான் முறை.

டீக்கடை பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருந்த விவசாயிகள் இரண்டு பேர் ஏற்கெனவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலைப்பாகை, மற்றவர் தோளில் பச்சைத் துண்டு. நாங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

"எந்த ஊரு வயலுய்யா இது? எல்லாக் குத்தும் ஒரே மாதிரி சாஞ்சு நிக்குது" என்றார் தலைப்பாகைக்காரர்.

"காத்து அடிச்சிருக்கும்."

"காத்துக்குக் கதிர் சாயும், சரி. அந்த ஒடிஞ்ச தோகையைப் பாரு. அதே தோகை இங்க ஒடிஞ்சிருக்கு. அதோ, அங்கயும் ஒடிஞ்சிருக்கு. காத்து அளந்து அளந்தா அடிக்கும்?"

பச்சைத் துண்டுக்காரர் எழுந்து சாலையின் பாதி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமாய்யா. சினிமாவுல நாலு பேரை வச்சு நாப்பது பேரு மாதிரி காட்டுவான்ல, அப்படி ஒட்டிருக்காங்க."

"பச்சையைப் பாத்தியா? யூரியாவை மூட்டையோட கவுத்துருக்கான்."

"கதிர் பழுக்கற நேரத்துல இம்புட்டுப் பச்சையா? பூச்சிக்கு விருந்து வச்சிருக்கான்."

"வெதை விக்கிறவன் வச்ச தட்டியா, யூரியா விக்கிறவன் வச்ச தட்டியா?"

"பூச்சிமருந்து விக்கிறவனா இருக்கும்" என்று பச்சைத் துண்டுக்காரர் முடித்தார். இருவரும் சிரித்தார்கள். பஸ் வந்தது, ஏறிப் போனார்கள்.

பாய் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. என் வாயால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் அடித்த துண்டை அங்கே கட்டியிருந்தேன். அது தன் வேலையைச் செய்துவிட்டது.

முதலில் பேசியது அந்த அக்காதான். "ஏங்க, அந்த சொட்டை எங்க?"

"அடைக்கச் சொன்னேன்."

"அடைக்கச் சொன்னீங்களா? அது மேடுங்க. தண்ணி ஏறல. மூணு தடவை நாத்து வச்சும் புடிக்கல. ரோட்டோரத்து வயலு. போறவன் வர்றவன் எல்லாம் வண்டியை நிறுத்தி, 'என்னம்மா, அந்த எடத்துல மட்டும் சொட்டை'ன்னு கேட்டுட்டுப் போனான். ஊரே பாத்த சொட்டையை நீங்க அடைச்சா, மிச்சத்தையும் அடைச்சதுன்னுதான சொல்லுவான்?"

"எனக்கு யாரு சொன்னா?"

"நீங்க எங்க இருந்தீங்க, நான் சொல்ல?"

பாய் டீயை ஒரே மடக்கில் குடித்தார். "சரி. சொட்டை இருக்கட்டும். பச்சையையும் எறக்கிடு. ஆனா தங்கச்சி, சொட்டையோட ஒரு வயலைக் காட்டினா அவன் எதை நம்பி வாங்குவான்? கதிர் தெரிய வேணாமா?"

கேள்வி சரியான கேள்வி. சொட்டையை அப்படியே விட்டுவிட்டால் படம் பொய் சொல்லாது. ஆனால் எதையும் நிரூபிக்கவும் செய்யாது. அந்தப் படத்தில் ஒரு கதிர் முழுதும் சேர்ந்தே இருபது புள்ளிகூடத் தேறாது. அதை எத்தனை அடிக்கு இழுத்தாலும் மஞ்சள் கீறலாகத்தான் வரும், மணி வராது.

உள்ளே வந்து, அந்த அக்கா கைப்பையில் வைத்திருந்த கேமராவைக் கேட்டு வாங்கினேன். பாய் எனக்கு சி.டி.யில் கொடுத்தது அவர் பொறுக்கிய படங்களை மட்டும். கேமராவின் மெமரி கார்டில் எல்லாப் படங்களும் இருந்தன: கோழி, மாடிப்படியில் பேரப்பிள்ளைகள், கோழி, பாதி விரலோடு ஒரு வானம், மறுபடியும் கோழி. "பழகினேன்" என்றார் அக்கா. வயல் படங்கள் முப்பதுக்குமேல் இருந்தன. அவற்றில் ஒன்றில் நின்றேன்.

வரப்பில் குனிந்து, ஒரு குத்தின் கதிர்களை இடது கையால் ஏந்தி, வலது கையால் எடுத்த படம். பின்னால் எல்லாம் மங்கல். கதிர்கள் மட்டும் கூர்மை. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. மணியின் நுனியும் தெரிந்தது. உள்ளே அரிசி பிடிக்காத பதர்கூட இரண்டு மூன்று தெரிந்தன. ஆயிரத்து அறுநூறு புள்ளிகளும் ஒன்றரை அடி அகலத்துக்குள் இருந்தன. இந்தப் படத்தை நான் பெரிதாக்க வேண்டியதே இல்லை.

"இதை ஏன் குடுக்கல பாய்?"

"அதுல அவ கை இருக்கு."

"இருந்தா?"

"பொம்பளை கையைக் கொண்டுபோய் கடைத்தெருவுல மாட்டவா? ஜமாத்துல நாலு பேரு கேப்பான்."

"கைதானங்க" என்றார் அக்கா. "மொகத்தையா கேட்டாங்க? ஆறு மாசம் வரப்புல நின்னு இந்தக் கையைக் காட்டித்தான் மடையைத் தொற, மடையை அடைன்னு சொன்னேன். அப்ப ஜமாத்து வரலையே."

"கையை மட்டும் எடுத்துட முடியாதா தங்கச்சி?"

"எடுக்கலாம். எடுத்துட்டா கதிர் எவ்வளவு நீளம்னு யாருக்குத் தெரியும்? அரை சாணா, முக்கால் சாணான்னு கேப்பாங்க."

"பக்கத்துல ஒரு ஸ்கேலை ஒட்டிடு."

அக்கா சிரித்துவிட்டார். "வயல்ல எவன் ஸ்கேலை வச்சுக்கிட்டு நிக்கிறான்? கதிரைக் கண்டா சாண் போடுவான். ஆம்பளையோ பொம்பளையோ, கை போதும்."

பாய் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் தம்பி மை நிரப்புகிற சாக்கில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் பாய், "மோதிரத்தையாவது அழிச்சுடு" என்றார். "கல்லு பளபளங்குது. நெல்லை விட்டுட்டு அதுக்கு வெலை கேப்பான்."

மோதிரத்தை அழித்தேன். மோதிரம் போனதால் நெல்லைப் பற்றிப் படம் எந்தப் பொய்யும் சொல்லிவிடவில்லை.

பிறகு செய்ததுதான் அந்த நாளின் முக்கியமான வேலை. படத்தை உள்ளது உள்ளபடி அடிக்க வேண்டும் என்றால் அசல் அளவு தெரிய வேண்டும். அக்காவை மேசையில் இடது கையை வைக்கச் சொன்னேன். மணிக்கட்டின் ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேலால் அளந்தேன். படத்தில் விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. அவரையும் அதேபோல மடக்கச் சொல்லி மறுபடி அளந்தேன்.

"தையக்காரன்கூட இப்படி அளக்க மாட்டான்" என்றார் அவர்.

"தையக்காரங்க ரெண்டாவது தடவை பிரிச்சுத் தைக்கலாம் அக்கா. எனக்கு ஃபிளக்ஸ் வீணாயிடும்."

திரையில் இருந்த கையை மேசைமேல் இருந்த கையின் அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு காகிதத்தில் அடித்து அதன்மேல் அவர் கையை வைத்துப் பார்த்தோம். விரலுக்கு விரல் பொருந்தியது. அதற்குப் பிறகுதான் காகிதத்தில் கதிரை அளந்தேன். இருபத்து நான்கு சென்டிமீட்டர். கேமராவிலிருந்து கையும் கதிரும் ஒரே தூரத்தில் இருந்ததால் அந்த அளவை நம்பலாம். பாய் தன் கையை விரித்துச் சாண் போட்டார். அவருடைய சாணைத் தாண்டிக் கதிர் நீண்டது. அவர் அந்தப் பயிரைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இவ்வளவு வந்துச்சா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஃபோன்ல சொன்னேன்ல."

"ஃபோன்ல எல்லாரும்தான் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லுவீங்க."

இரண்டு பேனராக முடிவானது. மேலே சாலைக்குத் தெரிய இருபதடி வயல், சொட்டையோடு, தை மாதத்து மஞ்சளேறிய பச்சையோடு. இதைப் பழையபடி படிப்படியாகப் பெரிதாக்கினேன். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அது போதும். கீழே வாசல் தூணுக்கு இரண்டடிக்கு மூன்றடியில் கையும் கதிரும், அசல் அளவில், மணிகள் மங்காமல் இருக்க இயந்திரத்தை மிக மெதுவாக ஓட்டி. அதன் அடியில் என்ன எழுதுவது என்று பாய் கேட்டார். மகசூல், விளைச்சல், சாதனை என்றெல்லாம் அவர் மனதில் ஏற்கெனவே வாசகங்கள் இருந்தன. "அளவு மாற்றாத படம்" என்று மட்டும் எழுதலாம் என்றேன். "வேற ஒண்ணும் வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். வயல் இருந்த ஊரை மட்டும் சேர்த்துக்கொண்டோம்.

மதியம் ஒரு மணி நேரம் மின்சாரம் போயிற்று. பாதி வயலில் நின்றிருந்த இயந்திரம், மின்சாரம் வந்ததும் இணைப்பு தெரியாமல் தொடருமா என்று தம்பி கவலைப்பட்டார். அந்த இடத்தில் மெல்லிய ஒரு கோடு விழுந்தது. வாய்க்கால் கரையை ஒட்டி விழுந்ததால் விட்டுவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு மை காய்ந்து, ஓரம் மடித்து, வளையம் அடித்து, சுருட்டிக் கொடுத்தோம். தூணுக்கானதை எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்று பாயிடம் சொன்னேன்: ஒரு ஆள் நின்றபடி கை வைக்கிற உயரம். "சரி சரி" என்றார். இனிப்பும் சாமான்களும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் ஊர் போக வேண்டிய அவசரம். வேன் கிளம்பியதும் டைரியில் எழுதினேன்: "வயல் 20 x 8. கதிர் 2 x 3, அசல் அளவு. மாற்றியது மோதிரம் மட்டும்." கோடு இழுக்கவில்லை.

திறப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குடவாசல் போனேன். கடைத்தெரு திரும்பும்போதே வயல் தெரிந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. சொட்டைகூட அதன் இடத்தில் பொருத்தமாக இருந்தது. ஆனால் கட்டிய ஆட்கள் எல்லா பேனரையும் கட்டுவதுபோலவே இதையும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கதிர்ப் படம் ஷட்டருக்கு மேலே, வயலுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் தொங்கியது. அங்கிருந்து பார்க்க அது ஏதோ விளக்குமாறு விளம்பரம் மாதிரி இருந்தது.

பாய் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். "தங்கச்சி, வா வா. எப்படி இருக்கு?"

"பாய், ஏணி இருக்கா?"

அன்று காலை நாங்கள் செய்த முதல் வேலை அந்தப் படத்தை அவிழ்த்ததுதான். பாய் ஏணியில் ஏறிக் கயிறுகளை அறுத்தார். நான் கீழே நின்று வாங்கினேன். தூணில் என் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பிடித்துக்கொண்டேன், அவர் கட்டினார். மேல் இரண்டு முனைகளும் கட்டியாயிற்று. கீழ் முனைக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது, பால் கேனோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். மேலே வயலைப் பார்த்தார்.

"இது நம்ம மேட்டு வயலுல்ல? அந்தா சொட்டை."

சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். தூணில் இருந்த கையைப் பார்த்தார். அடியில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். பிறகு தன் கையை விரித்து, கட்டைவிரலைக் கதிரின் கழுத்தில் வைத்து, சுண்டுவிரலை நீட்டினார். எட்டவில்லை. இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார்.

"பதரையும் போட்டிருக்கீங்க" என்றார், பாயைப் பார்த்து.

"இருந்துச்சு, போட்டோம்" என்றார் பாய்.

"வெதை எத்தனை கிலோ பை?"

பாய் ஷட்டர் சாவியைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டார். கீழ் முனை இன்னும் கட்டாமலே இருந்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.